நுண்ணறிவுச் சோதனையும் அதன் எண்ணும்

ஒரு சிறுவனின் எடை 30 கிலோகிராம் என்றால் அதன் பொருளைப் பற்றி ஐயம் எழுவதில்லை. அதே சிறுவனின் நுண்ணறிவு ஈவு 92 என்று ஓர் அறிக்கையில் எழுதியிருந்தால், அவ்வெண்ணையும் எடையைப் போன்றே படித்துவிடும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. எடைக்குப் பூச்சியம் உண்டு. 30 கிலோகிராம் என்பது 15 கிலோகிராமின் இருமடங்கு. நுண்ணறிவு ஈவுக்கு உண்மையான பூச்சியம் இல்லை. ஆதலின் ஈவு 120 உடையவன் 60 உடையவனைக் காட்டிலும் இருமடங்கு அறிவுடையவன் என்று சொல்வதற்கு இடமே இல்லை. அவ்வெண் ஒரு பொருளின் அளவைக் குறிப்பதன்று. ஒரு கூட்டத்தினுள் ஒருவர் நிற்கும் இடத்தைக் குறிப்பது. எந்தக் கூட்டம், எந்த ஆண்டில், எந்த மொழியில், எவ்வளவு பிழையுடன் என்பவை தெரியாதவரையில் 92 என்ற எண் ஏறக்குறைய ஒன்றையும் தெரிவிப்பதில்லை.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இவ்வெண்ணை அடிக்கடி எதிர்ப்பட நேர்கிறது. ஒரு குழந்தைக்குச் சிறப்புக் கல்வி வேண்டுமா, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்குமா என்பன போன்ற முடிவுகள் இவ்வெண்ணை ஒட்டி எடுக்கப்படுகின்றன. எனவே அது எவ்வாறு பிறந்தது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பினேயின் நோக்கம்

1904-இல் பிரான்ஸ் நாட்டுக் கல்வி அமைச்சகம், சாதாரண வகுப்பில் பயன் பெற இயலாத குழந்தைகளைக் கண்டறியும் வழியை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்த ஆல்பிரெட் பினே என்ற உளநூலார், தியோடோர் சீமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1905-இல் முப்பது சிறு சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்களால் பின்தொடர்வது அதில் மிக எளியது. நுண்பொருட் சொற்களை வேறுபடுத்திக் கூறுவது மிகக் கடினமானது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பினே, பிள்ளைகளின் தலையை அளந்து அறிவை மதிப்பிடலாமா என்று முயன்றிருந்தார். அறிவிற் சிறந்தோர்க்கும் பின்தங்கியோர்க்கும் இடையே கிடைத்த வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தமையால் அம்முயற்சியைக் கைவிட்டார். அளவு நாடாவை விட்டு வினாக்களுக்கு வந்த இந்தத் திருப்பமே இத்துறையின் தொடக்கம் எனலாம்.

1908-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சோதனைகள் வயது வாரியாக அடுக்கப்பட்டன. எட்டு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் செய்யக்கூடியவற்றை ஒரு குழந்தை செய்தால், அதன் மன வயது எட்டு எனப்பட்டது. பினே தம் அளவுகோலைப் பற்றி மிகுந்த அடக்கத்துடன் பேசினார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நீளத்தை அளப்பதுபோல் அறிவை அளக்க இயலாது என்றும், ஒரு குழந்தையின் அறிவு இவ்வளவே என்று நிலையாக வரையறுப்பது தவறு என்றும் அவர் எழுதினார். பின்தங்கிய குழந்தைகளின் கவனத்தையும் நினைவையும் வளர்ப்பதற்குத் தனிப் பயிற்சிகளையும் வகுத்தார். உதவி வேண்டுவோரைக் கண்டுகொள்வதற்கே அளவுகோல். தரம் பிரித்து ஒதுக்குவதற்கன்று. 1911-இல் அவர் காலமானார். அதன்பின் அளவுகோல் பிறர் கைக்குச் சென்றது.

ஈவு அல்லாத ஈவு

மன வயது கால வயதைவிட இரண்டு ஆண்டு குறைவாயிருப்பது நான்கு வயதுக் குழந்தைக்குப் பெருங்குறை. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அவ்வளவு பெரிதன்று. இதைக் கண்ட ஜெர்மானிய உளநூலார் வில்லியம் ஸ்டெர்ன், 1912-இல் கழித்தலுக்குப் பதிலாக வகுத்தலைப் புகுத்தினார். 1916-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கினார். மேற்கூறிய குழந்தையின் ஈவு 50. சிறுவனின் ஈவு 83. எட்டு வயதில் பத்து வயது மன வளர்ச்சி உடையவனுக்கு 125. கணக்கு எளிதாயிருந்ததே அதன் வெற்றிக்கும் அதனால் விளைந்த தொல்லைக்கும் காரணம்.

தொல்லை எங்கே தோன்றியது? வளர்ந்தவர்களிடத்தில். மன வயது பதினாறு வயதளவில் வளர்ச்சி நின்றுவிடுவதாகக் கொண்டால், நாற்பது வயதுள்ள நல்ல தச்சர் ஒருவரின் ஈவு, பதினாறை நாற்பதால் வகுக்க 40 என்று வரும்! இத்தகைய பொருந்தாமை நகைப்புடன் முடிந்துவிடவில்லை. முதல் உலகப் போரின்போது 1917, 1918-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படையில் ஏறக்குறைய 17 லட்சம் பேருக்குச் சோதனைகள் நடத்தப்பட்டன. எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஆல்பா, தெரியாதவர்க்குப் படங்களாலான பீட்டா. வெள்ளையர் படைவீரரின் சராசரி மன வயது பதின்மூன்று என்று முடிவு கட்டினர். நாட்டின் வயது வந்தோர் யாவரும் சிறுவரே என்ற பேச்சு பத்திரிகைகளில் எழுந்தது. சராசரி மனிதனின் அறிவு சராசரி மனிதனின் அறிவை விடக் குறைவாயிருக்க முடியாது என்ற எளிய உண்மையை 1922-இல் வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

இதனினும் பெரிய பிழை வேறொன்று. பீட்டாச் சோதனையில் ஒரு படத்தில் டென்னிஸ் ஆடுகளம் இருந்தது, வலை இல்லை. குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தாலிய, ருஷ்யக் கிராமங்களிலிருந்து அண்மையில் கப்பலில் வந்திறங்கியவர், டென்னிஸ் ஆட்டத்தையே கண்டிராதவர், என்ன செய்வார்? குடியேறியோரின் மதிப்பெண்கள் அவர்கள் அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகளுக்கேற்ப உயர்ந்துகொண்டே சென்றன. அந்நாட்டு வாழ்க்கையோடு பழகியமையே இதற்குக் காரணம் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் கார்ல் பிரிகம் என்ற உளநூலார், பிற்காலத்தில் வந்தோர் பிறப்பிலேயே தாழ்ந்த அறிவினர் என்று 1923-இல் நூல் எழுதினார். மறு ஆண்டில் தென் ஐரோப்பியரையும் கிழக்கு ஐரோப்பியரையும் பெரிதும் தடுக்கும் குடியேற்றச் சட்டம் அங்கு நிறைவேறியது. சட்டத்துக்குக் காரணங்கள் பல. சோதனை எண்களும் அவ்விவாதத்தில் கையாளப்பட்டன. 1930-இல் பிரிகம் தம் முடிவுகளுக்கு அடிப்படையில்லை என்று தாமே அறிவித்தார். சட்டமோ நீடித்தது.

நிற்க. 1939-இல் டேவிட் வெக்ஸ்லர் வகுத்தலை அறவே நீக்கினார். ஒருவரை அவருடைய வயதினரோடு மட்டும் ஒப்பிட்டு, அவ்வயதினரின் சராசரியை 100 எனவும், திட்ட விலக்கத்தை 15 எனவும் கொண்டார். இம்முறைப்படி 100 பேரில் ஏறத்தாழ 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையே அமைவர். 115 பெற்றவர் 84 பேருக்கு மேலே நிற்கிறார். 70-க்குக் கீழே ஏறத்தாழ இருவரே. இங்கே மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல் சொல்லிக் கொள்ளலாம். ‘ஈவு’ என்பது கணக்கில் வகுத்தலால் வரும் விடைக்குப் பெயர். இன்று நாம் நுண்ணறிவு ஈவு என்று எழுதும் எண்ணில் வகுத்தலே இல்லை. மூல மொழிகளிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டமையால் தமிழிலும் அதை மாற்ற வழியில்லை. படிப்பவர் பெயரைக் கொண்டு பொருளை ஊகிக்காதிருப்பாராக.

எண்ணைச் சுற்றியுள்ள இடைவெளி

எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. ஒரே குழந்தையை வேறொரு நாள் சோதித்தால் எண் சிறிது மாறும். இம்மாற்றம் எவ்வளவு என்பதைச் சோதனையின் நம்பகக் கெழுவிலிருந்து கணக்கிடலாம். கெழு 0.91 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து அதைக் கழிக்க 0.09, அதன் வர்க்கமூலம் 0.3, அதைத் திட்ட விலக்கமாகிய 15-ஆல் பெருக்க 4.5. இதுவே அளவீட்டின் திட்டப் பிழை. இதன் இருமடங்கை எண்ணின் இருபுறமும் கொள்வது வழக்கம். அவ்வாறாயின் நாம் தொடக்கத்தில் கண்ட 92 என்பது, 83-க்கும் 101-க்கும் இடையே எங்கேனும் இருக்கக்கூடிய ஒன்றின் மதிப்பீடே ஆகும். 0.91 என்பது நல்ல கெழு என்பதையும் கருத வேண்டும். இவ்விடைவெளியை எழுதாமல் 92 என்று மட்டும் எழுதும் அறிக்கை அரை அறிக்கையே.

இந்தச் சிறு கணக்கில் ஓர் உயிர் தொங்கிய வழக்கும் உண்டு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்க்கு மரண தண்டனை விதிக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. புளோரிடா மாநிலமோ, 70-க்கு மேல் எண் பெற்றவர் வேறு சான்று எதையும் காட்ட இயலாது என்ற விதியைக் கடைப்பிடித்தது. தண்டனை பெற்றிருந்த ஹால் என்பவரின் எண் 71. அளவீட்டுப் பிழையைக் கணக்கில் கொள்ளாத அவ்விதி செல்லாது என்று 2014-இல் அந்நீதிமன்றம் கூறியது. நீதிபதிகள் ஒன்பதின்மரில் ஐவர் இக்கருத்தினர், நால்வர் உடன்படவில்லை.

நியமங்கள் பழையனவாதல்

ஒருவரை ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்தின் மதிப்பெண்களை நியமம் என்கிறோம். கூட்டம் மாறினால் நியமமும் மாற வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளின் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், 1932-க்கும் 1978-க்கும் இடையே அமெரிக்கரின் சராசரி மதிப்பெண் ஏறக்குறைய 14 புள்ளிகள் உயர்ந்திருப்பதைக் காட்டினார். நெதர்லாந்தில் படைச் சேவைக்கு வந்த இளைஞர்களிடம், சொற்களே இல்லாத ரேவன் அணிச் சோதனையில், 1952-இலிருந்து 1982-க்குள் ஏறக்குறைய 20 புள்ளிகள் உயர்வு காணப்பட்டது. பாட்டனார் யாவரும் மந்தமானவர் என்பது இதன் பொருளாகாது. ஒரு தலைமுறைக் காலத்தில் மனிதரின் பிறவி இயல்பு இவ்வளவு மாற வழியில்லை. பள்ளிக் கல்வியின் விரிவு, உணவு, நோய்த் தடுப்பு, பொருள்களை வகைப்படுத்தியும் குறியீடுகளாகவும் எண்ணிப் பழகும் வாழ்க்கை ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. நார்வேயில் 1975-க்குப்பின் பிறந்தோரிடம் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. ஒரே குடும்பத்து உடன்பிறந்தாரிடையிலும் இவ்விறக்கம் காணப்படுவதால் அதற்கும் சூழ்நிலையே காரணம் என 2018-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

நம் நாட்டில் இவ்வுண்மைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. லாகூரில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ் ஹிந்துஸ்தானி மொழியில் பினே சோதனையை அமைத்து 1929-இல் நூலாக வெளியிட்டார். தார்வாரில் காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கென அமைத்த சோதனை 1940-இல் நூலாயிற்று. பாட்டியாவின் செயற்சோதனைத் தொகுதி 1955-ஐச் சேர்ந்தது. கட்டைகளை அடுக்குதல், படத் துண்டுகளைப் பொருத்துதல் போன்ற ஐந்து சோதனைகள் கொண்டது. எழுத்தறிவுடையோர்க்கும் இல்லாதோர்க்கும் தனித்தனி நியமங்கள் கொண்டமை அதன் சிறப்பு. நாகபுரியில் மாலின், வெக்ஸ்லரின் குழந்தைச் சோதனையை இந்தியாவுக்கேற்ப மாற்றி 1969-இல் அளித்தார். இவை அருமையான பணிகள். ஆனால் இவற்றுட் சில, பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் கையாளப்பட்டு வருகின்றன.

அதனால் விளைவது யாது? அமெரிக்காவில் கண்ட வேகத்தை உதாரணத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 0.3 புள்ளி, முப்பது ஆண்டுப் பழைய நியமத்தில் 9 புள்ளிகள். இன்றைய குழந்தைகளோடு ஒப்பிட 68 பெறவேண்டிய சிறுமி, பழைய நியமத்தின்படி 77 பெறுவாள். சான்றிதழும் உதவித்தொகையும் அவளுக்குக் கிட்டாமற் போகலாம். மறுபுறம், வீட்டில் பேசாத மொழியில் வினவப்பட்ட மலைவாழ் சிறுவன், குறைபாடு ஒன்றும் இல்லாதவனாயிருந்தும் 68 பெற்றுச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப்படலாம். பழைய நியமம் எண்ணை மேலே தூக்குகிறது. அயல்மொழி கீழே தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. ஏனெனில் அவை வேறு வேறு குழந்தைகள்மேல் விழுகின்றன.

விடை தவறா, வினா வேறா?

ருஷ்ய உளநூலார் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932-ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானத்துக் கிராமங்களுக்குச் சென்று, சுத்தியல், வாள், கோடரி, மரத்துண்டு ஆகியவற்றின் படங்களைக் காட்டி, சேராத ஒன்றை நீக்கும்படி கேட்டார். பள்ளி சென்றவர் மரத்துண்டை நீக்கினர். மற்றவை கருவிகள் அல்லவா? எழுத்தறியாக் குடியானவரோ நீக்க மறுத்தனர். மரத்துண்டு இல்லாமல் வாளும் கோடரியும் எதற்கு என்பது அவர்கள் வாதம். சோதனைத் தாளின்படி இது தவறான விடை. பட்டறையில் இதுவே சரியான விடை.

நம் நாட்டிலும் 2025-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள், பல பொருள்களின் விலையையும் திருப்பித் தரவேண்டிய சில்லறையையும் மனக்கணக்காகவே சரிவரக் கூறினர். அதேபோன்ற கணக்கைப் பள்ளி முறையில் எழுதிக் கொடுத்தபோது பெரும்பாலோர் தடுமாறினர். பள்ளி மாணவர்களோ தாளில் செய்ததைச் சந்தைக் கணக்காகச் செய்யத் தடுமாறினர். இது நுண்ணறிவுச் சோதனை அன்று. எனினும் ஒரு திறமை, அதைக் கேட்கும் முறையோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பதை வகுப்பாசிரியர்க்கு இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

சோதனை நாளின் நிலைமையும் எண்ணில் கலந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. கரும்பு விவசாயிக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அறுவடையை ஒட்டியே கைக்கு வருகிறது. அதற்கு முந்திய மாதங்கள் கடனும் அடகுமாகக் கழிகின்றன. ஒரே விவசாயி, ரேவன் வகைச் சோதனையில் அறுவடைக்கு முன் குறைவாகவும் பின் மிகுதியாகவும் பெற்றார். ஆலைகள் வெட்டும் முறையை மாதக் கணக்கில் பகிர்ந்து விடுவதால், பருவநிலை இதற்குக் காரணம் என்று கூற இயலவில்லை. பணக்கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பளத்துக்கு முந்திய சில நாட்களின் முடையும் அறுவடைக்கு முந்திய பல மாத முடையும் ஒன்றாகா என எனக்குத் தோன்றுகிறது. ஆராய்ச்சியால் தீர வேண்டிய வினா இது.

இவ்வளவும் கேட்டபின் சோதனைகளை ஒதுக்கிவிடலாமே என்று சிலர் கூறுவர். அது சரியன்று. ஒரு குழந்தையின் எண்ணில் உள்ள தற்செயற் பிழை, ஆயிரம் குழந்தைகளின் சராசரியில் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அயோடின் குறைவை எடுத்துக் கொள்வோம். இமயத்தை அடுத்த காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் ராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் உப்பில் அயோடின் சேர்த்து வழங்கிக் கழுத்துக்கழலை குறைவதை நிறுவினர். அதன் பயனாக 1962-இல் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. கழலை கண்ணுக்குத் தெரியும். மூளைக்கு நேரும் இழப்பு தெரிவதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 1994-இல் வெளியான கணக்கு, அயோடின் குறைந்த பகுதிகளில் வாழ்வோரின் சராசரி ஈவு மற்றவரைவிட 13.5 புள்ளி தாழ்ந்திருப்பதாகக் காட்டியது. இவ்விழப்பை எண்ணாக்கிக் காட்டியவை இச்சோதனைகளே. எனினும் அச்சராசரியைக் கொண்டு, அப்பகுதியின் ஒரு குறிப்பிட்ட சிறுமியைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது.

தனிக் குழந்தையைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. அறிவுசார் குறைபாடு என்பதற்குப் பகுத்தறிதல், கற்றல் போன்ற அறிவுச் செயல்களில் வரம்பு இருத்தல் மட்டும் போதாது. அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் வரம்பு இருத்தல் வேண்டும் என்பது அதன் வரையறை. உடுத்துதல், உண்ணுதல், கடைக்குச் சென்று வருதல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றை அக்குழந்தை எவ்வாறு செய்கிறது என்பதைச் சோதனை அறையில் இருப்பவர் அறியார்; அறிந்தவர் ஆசிரியரும், வீடு தேடிச் செல்லும் களப்பணியாளருமே. ஆகவே அவர்கள் எழுதும் குறிப்பு ஈவுக்கு இணைப்பன்று. சட்டம் கேட்கும் சான்றில் சரிபாதி.

அறிக்கை கையில் கிடைத்ததும் சோதனையின் பெயர், நியமம் எடுக்கப்பட்ட ஆண்டு, எண்ணின் இடைவெளி, வினவப்பட்ட மொழி, வீட்டு மொழி ஆகியன அதில் உள்ளனவா எனப் பார்த்து, இல்லாதவற்றைச் சோதித்தவரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். குழந்தையின் பார்வையும் செவியும் முன்பே பரிசோதிக்கப்பட்டனவா என்பதை அவற்றுக்கெல்லாம் முதலில் கேட்க வேண்டும். கரும்பலகை தெரியாத கண்ணும் வினா கேளாத செவியும் தாழ்ந்த எண்ணையே தரும். அவ்வெண்ணுக்கு மருந்து மூக்குக் கண்ணாடியாகவோ செவிக்கருவியாகவோ இருக்கலாம். அப்பரிசோதனை நடைபெறவில்லையெனில் அதை முடித்துக்கொண்டு நுண்ணறிவுச் சோதனையை மறுமுறை நடத்தும்படி எழுத்து மூலம் கோரலாம்.